பதினெட்டாயிரம் ரூபாய் என்ன செய்தது?

விருத்தாசலம் நகரில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 73 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். 2020இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 14. அப்படியானால் இந்த ஊரில் ஓர் ஆண்டில் பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துச் சொச்சம். மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம், 2018–20க்கான மாதிரிப் பதிவு முறை அறிக்கைப்படி, லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 54. பெருக்கிப் பார்த்தால் விருத்தாசலத்தின் பங்குக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு மரணம் வரும். ஓர் ஆண்டில் ஒரு தாய் இறந்து, அடுத்த ஆண்டில் யாரும் இறக்காவிட்டால், 'தாய் இறப்பு நூறு சதவீதம் குறைந்தது' என்று அறிக்கை எழுதிவிடலாம். கணக்கில் பிழை இருக்காது. அறிக்கையில் உண்மையும் இருக்காது.

கடலூர் மாவட்டம் முழுவதையும் சேர்த்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. 26 லட்சம் மக்கள், ஆண்டுக்கு சுமார் 36 ஆயிரம் பிறப்புகள், அதே விகிதத்தில் 20 மரணங்கள். இப்படி அரிதாக நடப்பவற்றை எண்ணும்போது புள்ளியியலாளர்கள் ஓர் எளிய கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்கு; அந்த அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது வெறும் தற்செயலாக இருக்கலாம். 20இன் வர்க்கமூலம் நாலரை. இரண்டால் பெருக்கினால் ஒன்பது. ஆக, எதுவுமே மாறாத மாவட்டத்தில்கூட ஓர் ஆண்டு 11, இன்னோர் ஆண்டு 29 என்று வரக்கூடும். 11 வந்த ஆண்டில் கேடயம் கொடுப்பதும், 29 வந்த ஆண்டில் மெமோ கொடுப்பதும் பல நேரம் தற்செயலுக்குக் கொடுப்பவைதான். மாதிரிப் பதிவு முறை தாய் இறப்பை மாவட்டவாரியாகச் சொல்லாமல், மூன்று ஆண்டுகளைச் சேர்த்து மாநில அளவில் மட்டும் சொல்வதற்கு இதுவே காரணம்.

அரசு ஓர் ஏழைக் கர்ப்பிணிக்கு 18 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. அந்த உதவி வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'எத்தனை பேருக்குக் கொடுத்தோம்' என்பது பட்டுவாடாக் கணக்கு. மதிப்பீடு கேட்கும் கேள்வி வேறு: கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விருத்தாசலத்தைத் தமிழ்நாடு அறிவது பழமலைநாதர் கோயிலாலும் பீங்கானாலும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் அருகிலேயே கிடைப்பதால் இங்கே பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் வந்தன. இத்தகைய சிறு பட்டறைகளில் கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றுவது, காய்ந்ததைப் பிசிறு நீக்குவது, மெருகு பூசுவது, சூளைக்கு அடுக்குவது என்று எல்லாமே கைவேலை. கூலி பெரும்பாலும் நாள் கணக்கு அல்லது உருப்படிக் கணக்கு.

இப்படிப்பட்ட வேலையில் இருக்கும் பெண் கர்ப்பமானால் சட்டம் என்ன தருகிறது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. இ.எஸ்.ஐ.யும் அப்படியே. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஆறு நாளாக 26 வாரத்துக்கு 46,800 ரூபாய். சட்டத்துக்குள் இருப்பவருக்கு உரிமையாகக் கிடைக்கும் அந்தத் தொகை, வெளியே இருப்பவருக்குப் பூஜ்யம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் நிற்பது இந்த இடைவெளியில்தான். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவரின் பெயர் அதற்கு. 1980களின் இறுதியில் 300 ரூபாயில் தொடங்கியது. பிறகு 500 ஆனது. 2006இல் ஒரே தாவலில் 6 ஆயிரம். 2011இல் 12 ஆயிரம். 2018இல் 18 ஆயிரம். கடைசித் தொகையில் 14 ஆயிரம் ரொக்கம். மீதி 4 ஆயிரம், தலா 2 ஆயிரம் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்: சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய் முதலியவை. 2006இல் சொல்லப்பட்ட நோக்கம் தெளிவாகவே இருந்தது. வேலைக்குப் போக முடியாத மாதங்களின் கூலி இழப்பை ஈடுகட்டுவது, நல்ல உணவு கிடைக்கச் செய்து எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதைத் தடுப்பது.

2011இல் இந்தப் பணத்துக்கு நிபந்தனைகள் ஏறின. கர்ப்பகாலப் பரிசோதனைகள் முடித்தால் ஒரு தவணை, அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் ஒரு தவணை, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ஒரு தவணை. 2018இல் ரொக்கம் ஐந்து தவணையானது. கூலி இழப்புக்கு ஈடு என்று பிறந்த திட்டம், நடத்தைக்குப் பரிசு என்று மாறிக்கொண்டே வந்தது. மதிப்பிட வருபவரின் முதல் குழப்பமும் இங்கேதான்: எந்த நோக்கத்தை வைத்து அளப்பது?

வழக்கமான அரசுப் பதில் ஒரு வரைபடம். 2001–03இல் தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 134. 2004–06இல் 111. 2007–09இல் 97. 2011–13இல் 79. 2018–20இல் 54. கோடு இறங்கிக்கொண்டே போகிறது. தொகை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் ஒன்று மற்றொன்றை இழுத்ததுபோலத் தோன்றும்.

அதே ஆண்டுகளில் வேறு என்னென்ன நடந்தன என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் முறை பரவியது. அறுவை சிகிச்சையும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் அவசர மகப்பேறு மையங்கள் மாவட்டந்தோறும் உருவாயின. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. சாலைகள் மேம்பட்டன. பெண்கள் அதிகம் படித்தார்கள், தாமதமாக மணந்தார்கள், குறைவாகப் பெற்றார்கள். இதற்கு மேல் ஒன்று: பணம் 500 ரூபாயாக இருந்த காலத்திலேயே, 2005–06இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 88 சதவீதம் மருத்துவமனையில்தான் நடந்தது. அப்போது இந்திய சராசரி 39 சதவீதம். 2019–21இல் தமிழ்நாடு 99.6 சதவீதத்தைத் தொட்டது. ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்களை வரவழைத்ததாக ஒரு திட்டம் பெருமைப்பட முடியாது.

பீங்கான் பட்டறைக்காரருக்கு இந்தச் சிக்கலை விளக்கவே தேவையில்லை. புது மெருகு நன்றாக வருகிறதா என்று பார்க்க, இந்த மாதச் சரக்கைப் போன வருடச் சரக்கோடு ஒப்பிடமாட்டார். மண் மாறியிருக்கும், சூளையின் வெப்பம் மாறியிருக்கும், அடுக்கியவரின் கை மாறியிருக்கும். ஒரே மண்ணில் செய்த இருபது விளக்கில் பத்துக்குப் பழைய மெருகும் பத்துக்குப் புதியதும் பூசி, ஒரே சூளையில் ஒரே நாளில் சுடுவார். வேறுபாடு தெரிந்தால் அது மெருகால் வந்தது.

பெண்களைச் சூளையில் அடுக்க முடியாதுதான். ஆனால் ஏறத்தாழ அதையே ஒரு நாடு செய்து பார்த்தது. 1997இல் மெக்ஸிகோ அரசு 'புரோகிரெஸா' என்ற நிபந்தனை உதவித் திட்டத்தை ஏழைக் கிராமங்களில் தொடங்கியது. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணம் இல்லை. எந்த ஊருக்கு முதலில் என்பதை எம்.எல்.ஏ.க்களிடம் விடாமல் குலுக்கலிடம் விட்டார்கள். ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் 320 ஊர்களுக்கு முதலிலும் 186 ஊர்களுக்குப் பிறகும் பணம் போனது. யாருக்கும் மறுக்கப்படவில்லை, வரிசை மட்டும் சீட்டுப் போட்டு முடிவானது. அந்த இடைவெளி ஆராய்ச்சியாளர்களுக்குப் பொன்னாக அமைந்தது. பார்பர், கெர்ட்லர் ஆகிய இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, உதவி பெற்ற தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 127 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. எடை குறைந்த பிறப்புகள் 4.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. பணம் எடையாக மாறும் என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள நல்ல சாட்சிகளில் இது ஒன்று.

இந்தியாவில் இப்படிச் சீட்டு எடுத்து அரசுத் திட்டம் தொடங்கும் பழக்கம் குறைவு. மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டம், 2005 ஏப்ரலில் தொடங்கி நாடு முழுவதும் ஒரே பாய்ச்சலாகப் பரவியது. பின்தங்கிய மாநிலங்களின் கிராமத் தாய்க்கு 1,400 ரூபாய். தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் ஏழைக் கிராமத் தாய்க்கு 700. முதல் ஆண்டில் 7 லட்சம் பேர் பெற்றார்கள். 2008–09இல் 90 லட்சம் பேர். உலகத்திலேயே பெரிய திட்டங்களில் ஒன்று. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் 'பெறாத' கூட்டத்தை யாரும் திட்டமிட்டு ஒதுக்கிவைக்கவில்லை.

ஸ்டீபன் லிம், லலித் தண்டோனா உள்ளிட்டோர் 2010இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை எப்படிச் சமாளித்தது என்பது படிக்கச் சுவையானது. ஒரு வழி: பணம் பெற்ற பெண்ணுக்கு வயது, படிப்பு, சாதி, வசதி எல்லாவற்றிலும் ஒத்த, பணம் பெறாத பெண்ணைத் தேடி இணை சேர்ப்பது. இந்த வழியில் ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு 2.3 பச்சிளங்குழந்தை மரணங்கள் குறைந்ததாகத் தெரிந்தது. இன்னொரு வழி: திட்டம் நன்றாகப் பரவிய மாவட்டங்களில் மரணம் எவ்வளவு மாறியது, பரவாத மாவட்டங்களில் எவ்வளவு மாறியது என்று பார்த்து, இரண்டு மாற்றங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பது. இந்த வழியில் மரணத்தில் திட்டவட்டமான குறைவு எதுவும் தெரியவில்லை. தரவு ஒன்றுதான், கேள்வி கேட்கும் முறை மாறியதும் விடையும் மாறியது.

எந்த விடையை நம்புவது? இணை சேர்க்கும் முறையில் ஓர் ஓட்டை உண்டு. வயதும் படிப்பும் ஒன்றாக இருந்தாலும், பணம் வாங்கிய பெண் நர்சம்மாவைத் தேடிப்போய்ப் பதிந்தவர். வீட்டில் ஆதரவு உள்ளவர். வங்கிக் கணக்கும் காகிதங்களும் வைத்திருப்பவர். இந்தத் துடிப்பே குழந்தையைக் காப்பாற்றியிருக்கலாம். கணக்கெடுப்புப் படிவத்தில் துடிப்புக்குக் கட்டம் இல்லை. 2015இல் பாவெல்–ஜாக்சன், மஜும்தார், மில்ஸ் மூவரும் இன்னும் கடுமையான முறையில் பார்த்தபோது, மருத்துவமனைப் பிரசவமும் தாய்ப்பால் கொடுப்பதும் கூடியிருந்தன. பச்சிளங்குழந்தை மரணத்தில் விளைவு தெரியவில்லை. ஒன்பது மாநிலங்களில் மருத்துவமனைப் பிரசவம் 20இலிருந்து 49 சதவீதமாக ஏறியும், அந்த ஏற்றத்துக்கும் தாய் இறப்புக்கும் இடையே உறுதியான தொடர்பு காணவில்லை என்று ரந்திவே குழுவினர் 2013இல் எழுதினார்கள்.

குஜராத்தின் கதை இன்னும் காரமானது. சிரஞ்சீவி திட்டத்தில் அரசு தனியார் மருத்துவர்களுக்குப் பணம் கொடுத்து ஏழைப் பெண்களுக்கு இலவசப் பிரசவம் பார்க்கச் சொன்னது. ஆரம்ப மதிப்பீடுகள் பெரிய வெற்றி என்றன, விருதும் கிடைத்தது. மனோஜ் மோகனன் குழுவினர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கணக்கெடுத்து 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியது வேறு: மருத்துவமனைப் பிரசவத்தில் திட்டத்தால் வந்த குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை, வீட்டாரின் செலவும் குறையவில்லை. முந்தைய ஆய்வுகள், திட்டம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய ஏற்றத்தைத் திட்டத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டன.

இந்தியாவில் முறையாகக் குலுக்கல் போட்ட ஒரு சோதனையும் உண்டு. பணத்தைப் பற்றியது அல்ல, பிரசவ அறையைப் பற்றியது. உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு மருத்துவ நிலையங்களை இணை இணையாகப் பிரித்து, பாதியில் செவிலியர்களுக்குப் பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலும் பயிற்சியும் தந்தார்கள். கை கழுவுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைப்பது போன்றவை அதில் அடங்கும். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தாய்–சேய்கள். 2017இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற இடங்களில் தேவையான செயல்களில் 73 சதவீதம் நடந்தன. மற்ற இடங்களில் 42. மரணமும் கடும் சிக்கலும் சேர்ந்த விகிதமோ 15.1க்கு 15.3. செவிலியர் சரியாகச் செய்தார்; ஆனால் ரத்தம் கொட்டினால் ரத்தம் ஏற்ற, அறுவை செய்ய, மயக்க மருந்து தர அடுத்த கட்டம் இல்லாத இடத்தில் சரிபார்ப்புப் பட்டியல் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? தமிழ்நாட்டின் இறக்கத்தில் அவசர மகப்பேறு மையங்களுக்கு உரிய பங்கை மதிக்க இந்த உத்தரப் பிரதேச ஆய்வு உதவுகிறது.

கடலூர் மாவட்டத்துக்கு ஓர் அரிய வாய்ப்பு வந்தது. 2010இல் மத்திய அரசு 'இந்திரா காந்தி மாத்ருத்வ சஹயோக்' என்ற மகப்பேறு உதவித் திட்டத்தை நாட்டில் 52 மாவட்டங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கியது. 19 வயது நிறைந்த பெண்களுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, மூன்று தவணையில் 4 ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் தேர்வான இரண்டு மாவட்டங்கள் ஈரோடும் கடலூரும். ஒரு மாவட்டத்துக்குக் கொடுத்து, பக்கத்து மாவட்டத்துக்குக் கொடுக்காத நிலை. ஒப்பிட இதைவிட வசதி வேண்டுமா?

வேண்டும். ஏனென்றால் அதே காலத்தில், அதே மாவட்டத்தில், ஜனனி சுரக்ஷாவின் 700 ரூபாயும் மாநிலத்தின் முத்துலட்சுமி ரெட்டி உதவியும் ஓடிக்கொண்டிருந்தன. 2011இல் மாநிலத் தொகை இரட்டிப்பானது. மத்தியத் திட்டத்தின் 4 ஆயிரம் செய்ததையும் மாநிலத்தின் 12 ஆயிரம் செய்ததையும் பிரித்தெடுப்பது, பாலில் கலந்த பிறகு தண்ணீரைத் தேடுகிற வேலை. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6 ஆயிரம் என்று உரிமையாக்கியது. 2017இல் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5 ஆயிரம் என்று வந்தது. தமிழ்நாடு அதையும் தன் திட்டத்தோடு இணைத்துக்கொண்டது. சோதனை மாவட்டம் என்ற அடையாளம் அதற்குள் கரைந்துபோனது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண்ணாடத்துக்கோ உளுந்தூர்ப்பேட்டைக்கோ போய்விடுவார். பதிவு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரசவம் இன்னொன்றில், தடுப்பூசி மூன்றாவதில். எந்த வட்டாரத்தின் சாதனை அது, எந்த வட்டாரத்தின் தவறு? 'பிக்மி' எண் என்று எல்லாரும் சொல்லும் கர்ப்பிணிப் பதிவு எண் வந்த பிறகு இது ஓரளவு தீர்ந்தது. அந்தப் 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் பெறுவது கடினம் என்பதால் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் பதிகிறார்கள். ஒரு மாநிலத்தின் ஏறத்தாழ எல்லாக் கர்ப்பங்களும் ஒரே பதிவேட்டில் இருப்பது, உலகத்தில் பல நாடுகளுக்குக் கிடைக்காத வசதி.

அந்த வசதியை வைத்து எதை அளக்க வேண்டும்? மருத்துவமனைப் பிரசவ விகிதத்தை அல்ல. அது நூறைத் தொட்டுவிட்டது. இனி அது எதையும் சொல்லாது. மாறாக, அது மறைக்கும்: 2019–21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனையில் 36. 'மருத்துவமனையில் பிரசவித்தார்' என்ற கட்டத்தில் டிக் போட்டவுடன் இந்தக் கதை மறைந்துவிடுகிறது.

அளக்க வேண்டியது திட்டம் 2006இல் தானே சொன்னதை: உணவு, ஓய்வு, எடை. ரத்தசோகையைப் பார்ப்போம். 2015–16இல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 44.4 சதவீதம் பேருக்கு 'ரத்தம் கம்மி'. 2019–21இல் 48.3. தொகை 12 ஆயிரத்திலிருந்து 18 ஆயிரமானபோது, இரும்பு டானிக் பெட்டகத்தில் ஏறியபோது, ரத்தசோகை குறையவில்லை. உடனே திட்டம் தோல்வி என்று தீர்ப்பெழுதுவது, முன்பு சொன்ன அதே வரைபடத் தவறைத் தலைகீழாகச் செய்வது. விரல் நுனி ரத்தத்தில் எடுக்கும் அளவீடு ஆடக்கூடியது. கணக்கெடுப்பின் கடைசிக் கட்டத்தில் கொரோனாவும் குறுக்கே வந்தது. ஆனாலும் கேள்வியைத் தூக்கி எறிய முடியாது. டானிக் குடிக்கப்பட்டதா? பேரீச்சம்பழம் யார் சாப்பிட்டார்கள்? பெட்டகம் ஐந்தாம் மாதம் கையில் கிடைத்ததா, குழந்தை பிறந்த பிறகா?

பிறப்பு எடையிலும் ஒரு பொறி இருக்கிறது. 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைவு. கணக்கெடுப்புத் தரவை வரைந்து பார்த்தால் சரியாக 2.5இலும் 3.0இலும் கோபுரம்போல எழும்பி நிற்கும். குழந்தைகள் முழு எண்ணில் பிறப்பதில்லை, எழுதுகிறவர் முழுமையாக்குகிறார். 2.46 கிலோ 2.5 ஆனதும் ஒரு குழந்தை பதிவேட்டில் பிழைத்துவிடுகிறது. எண்ணியல் தராசில் கிராம்வரை எழுதாத இடத்தில், மெக்ஸிகோவில் கண்ட 127 கிராம் வித்தியாசம் நம் பதிவேட்டில் புதைந்தே போகும்.

ஓய்வு பற்றிய கேள்வி இன்னும் கேட்கப்படவே இல்லை எனலாம். எந்த மாதத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினார், பிரசவத்துக்குப் பின் எந்த வாரம் திரும்பினார் என்று பதிவேட்டில் கட்டம் இல்லை. விருத்தாசலம் போன்ற ஊரில் இது வெறும் கூலிக் கணக்கு அல்ல. பீங்கான் வேலையில் சிலிக்கா தூசி நுரையீரலைத் தாக்கும். மெருகுப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் சேர்ப்பது உலகெங்கும் இந்தத் தொழிலின் பழைய வழக்கம். தாயின் ரத்தத்தில் ஏறிய ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். ஒரு பெண்ணை ஆறாம் மாதத்திலேயே பட்டறையிலிருந்து விலகியிருக்க வைத்தால் பணம் இரட்டை வேலை செய்திருக்கும். 14 ஆயிரம் ரொக்கம், நாளுக்கு 300 ரூபாய் என்றால் 47 நாள் கூலி. அதுவும் உரிய நேரத்தில் வந்தால். தவணைகள் மாதக்கணக்கில் தாமதமாவது பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்துள்ளன. குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு வரும் கர்ப்பகாலத் தவணை குடும்பத்துக்கு உதவும், கர்ப்பத்துக்கு உதவாது.

யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அடுத்தது. 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் பி. பாலசுப்பிரமணியன், டி.கே. சுந்தரி ரவீந்திரன் இருவரும் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். வயது, குழந்தைகளின் எண்ணிக்கை போன்ற நிபந்தனைகளும் காகிதச் சிக்கல்களும் உதவி அதிகம் தேவைப்படும் ஏழைப் பெண்களையே வெளியே நிறுத்துகின்றன என்பது அதன் சாரம். 18 வயதில் கர்ப்பமானவருக்கும் மூன்றாவது குழந்தை சுமப்பவருக்கும் ஆபத்து கூடுதல், உதவி இல்லை. ஜனனி சுரக்ஷா இந்த இரண்டு நிபந்தனைகளையும் 2013இல் கைவிட்டது.

கொடுமையாகத் தோன்றும் இதே எல்லைக்கோடு ஆராய்ச்சிக்கு ஒரு சன்னல் திறக்கிறது. 18 வயது 11 மாதத்தில் இருப்பவருக்கும் 19 வயது 1 மாதத்தில் இருப்பவருக்கும் உடலில் பெரிய வேறுபாடு இல்லை; பணத்தில் மட்டும் உண்டு. அதேபோல 2006, 2011, 2018 என்று தொகை ஏறிய ஒவ்வொரு முறையும், உயர்வுக்கு முந்தைய மாதத்தில் பதிந்தவரும் பிந்தைய மாதத்தில் பதிந்தவரும் ஒரே ஊர், ஒரே நர்சம்மா, ஒரே மருத்துவமனை. கோட்டின் இரு பக்கமும் பிறந்த குழந்தைகளின் எடையை ஒப்பிட்டால், யாரையும் குலுக்கலில் நிறுத்தாமலே விடை கிடைக்கும். பதிவேடு ஒழுங்காக இருந்தால் போதும்.

தமிழ்நாடு இன்னொரு வகை மதிப்பீட்டில் நாட்டுக்கே முன்னோடி என்பதையும் சொல்லியாக வேண்டும். அது தாய் இறப்புத் தணிக்கை. 1990களின் நடுவில் தொடங்கிய இந்த முறையில், எங்கே ஒரு தாய் இறந்தாலும் உடனே தகவல் போக வேண்டும். குழு வீட்டுக்குப் போய் உறவினரிடம் நடந்ததைக் கேட்கும். மருத்துவமனைக் குறிப்புகளைப் பார்க்கும். மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் விவாதம் நடக்கும். கிளம்ப முடிவெடுப்பதில் தாமதமா, வழியில் தாமதமா, போய்ச் சேர்ந்த இடத்தில் தாமதமா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ரத்தப்போக்கால் இறந்தார் என்பதோடு நிற்காமல், ரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்றும் கேட்கிறார்கள். விருத்தாசலத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு மரணம் என்றால் சதவீதக் கணக்குக்கு அது உதவாது. தணிக்கைக்கு அந்த ஒரு மரணமே போதும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் தமிழ்நாட்டின் அனுபவத்தைத் தனி நூலாகவே வெளியிட்டது.

இறந்தவர்களைப் பற்றி இவ்வளவு கவனமாகக் கேட்கும் துறை, உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அதே கவனத்தோடு கேட்கவில்லை. மருத்துவமனைப் பிரசவத்தைக் கூட்டியதற்கோ தாய் இறப்பைக் குறைத்ததற்கோ முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்குப் பெரிய பங்கு கொடுக்கத் தமிழ்நாட்டின் எண்கள் இடம் தரவில்லை. அந்தப் பெருமை செவிலியர்களுக்கும் ரத்த வங்கிக்கும் ஆம்புலன்ஸுக்கும் தணிக்கைக்கும் உரியது. திட்டத்தை நிறுத்த அது காரணம் ஆகாது. சட்டம் கைவிட்ட பெண்களுக்குக் கூலி இழப்பை ஈடுசெய்வது தன்னளவில் நியாயமான நோக்கம். அந்த நோக்கத்தில் எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் இன்னும் சரியாக அளக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை தொகை உயர்த்தப்படும்போது, அல்லது தவணை முறை மாற்றப்படும்போது, சுகாதாரத் துறை மூன்று காரியங்களைச் செய்யலாம். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்காமல், எந்த வட்டாரம் முதலில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து ஓர் ஆண்டுக்குள் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். பிக்மி பதிவேட்டில் தாய் செய்யும் தொழிலுக்கும், வேலையை நிறுத்திய மாதத்துக்கும், ஒவ்வொரு தவணையும் கணக்கில் ஏறிய தேதிக்கும் கட்டம் சேர்க்கலாம். பெயரும் முகவரியும் நீக்கிய தரவைப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடலாம். கடலூர் மாவட்டம் ஒரு முறை சோதனை மாவட்டமாக இருந்தது. அடுத்த சோதனையை விருத்தாசலம் வட்டாரத்திலிருந்தே தொடங்குங்கள்.